கோடுகளுக்குப் பின்னால் ஓர் ஊர்

பொதிகை எக்ஸ்பிரஸ் ஸ்ரீவில்லிபுத்தூரை விட்டு நகர்ந்தபோது நன்றாக விடிந்துவிட்டது. வலப்பக்கச் சன்னல் முழுக்க மேற்குத் தொடர்ச்சி மலை. எழும்பூரில் இரவு ஏறிப் படுத்தவனுக்குக் கண் விழித்ததும் இவ்வளவு அருகில் இவ்வளவு பெரிய மலை நிற்பது நம்ப முடியாததாக இருந்தது. பாதி மலையில் மேகம் தங்கியிருந்தது. அடிவாரத்தில் தென்னந்தோப்பு, மாந்தோப்பு, நடுநடுவே கண்மாய். சாம்பல் நிற மலை அணில்களுக்காகச் சரணாலயமாக இருந்த காடு இது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. புலி நடமாடும் காட்டுக்குக் கீழே, கூப்பிடு தூரத்தில், ஆயிரக்கணக்கான தறிகள் ஓடும் ஊர் இருக்கிறது என்பதுதான் ராஜபாளையத்தின் முதல் வியப்பு.

வெளியூர்க்காரர்கள் ராஜபாளையம் என்றதும் அந்த வெள்ளை வேட்டை நாயைச் சொல்வார்கள். உள்ளூரில் யாரைக் கேட்டாலும் முதலில் வருவது பஞ்சும் நூலும். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். 1939-இல் ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில் வந்தது. மருத்துவப் பஞ்சுக்கென்றே ஓர் ஆலையை அந்தக் காலத்தில் இந்த ஊரில் ஒருவர் யோசித்திருக்கிறார் என்பதை நினைத்துக்கொண்டே நடந்தேன். ஊரை ஒட்டிய சத்திரப்பட்டி, சமுசிகாபுரம், சங்கரபாண்டியபுரம் பக்கம் போனால் தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம். அங்கே நெய்வது சேலையோ வேட்டியோ அல்ல, பேண்டேஜ் துணி. நாட்டின் எந்த மூலையில் காயத்துக்குக் கட்டுப் போட்டாலும், அந்தத் துணி இந்தத் தெருக்களில் ஒன்றிலிருந்து வந்திருக்கலாம்.

ஆலைகளில் பார்கோடு ஸ்கேனிங் மேசை அமைத்து, அதற்கான நிரல் எழுதித் தருவது என் வேலை. மோட்டார் உதிரிபாகம், பெயிண்ட், மருந்து எனப் பல இடங்களில் செய்திருக்கிறேன். கட்டுத்துணி ஆலைக்கு வந்தது இதுதான் முதல் தடவை.

தறியில் ஓடும்போது அந்தத் துணியைப் பார்க்க வேண்டும். இழைக்கும் இழைக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிற நெசவு. பாவும் ஊடையும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் போகின்றன. தறியிலிருந்து இறங்கும்போது அது வெள்ளையாக இருப்பதில்லை. பழுப்பாக, கஞ்சி ஏறி விறைப்பாக இருக்கிறது. தண்ணீர் பட்டால் உருண்டு ஓடிவிடும். கஞ்சியையும் பருத்தியின் இயற்கையான மெழுகையும் வேகவைத்து நீக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு பிளீச்சிங் செய்த பிறகுதான் அது நீரையும் குருதியையும் உறிஞ்சும் துணியாக மாறுகிறது. உறிஞ்சும் பஞ்சு என்றால் தண்ணீரில் போட்ட 10 வினாடிக்குள் மூழ்கிவிட வேண்டும் என்பது மருந்தியல் நூல்கள் வைத்திருக்கும் அளவுகோல். சோதனை அறையில் ஒரு பெண் கண்ணாடிக் குடுவையில் பஞ்சைப் போட்டுக் காட்டினார். நான் எண்ணத் தொடங்குவதற்குள் அது அடியில் போய்ச் சேர்ந்திருந்தது.

இன்னொன்றையும் காட்டினார்கள். அறுவைச் சிகிச்சையில் பயன்படும் சில வகைக் காஸ் துணியில் நீல நிற நூல் ஒன்று கோர்த்திருக்கிறது. அதில் பேரியம் சல்பேட் கலந்திருக்கும். அவசரத்தில் ஒரு துண்டு வயிற்றுக்குள் தங்கிவிட்டால், எக்ஸ்ரேயில் அந்த நூல் வெள்ளைக் கோடாகத் தெரியும். உடம்புக்குள் தொலைந்தால் கண்டுபிடிக்க ஒரு கோடு. உலகச் சந்தைக்குள் தொலைந்தால் கண்டுபிடிக்க, நான் ஒட்ட வந்திருக்கும் கோடுகள். இரண்டுக்கும் நோக்கம் ஒன்றே என்று அந்த நிமிடம் பட்டது. அதற்குப் பிறகு இந்த வேலையை ஏற்றுமதிச் சடங்காக என்னால் பார்க்க முடியவில்லை.

சடங்கு என்று நினைப்பவர்கள் உண்டு. கட்டுத்துணிக்கு எதற்கு இத்தனை எண்? மருத்துவமனையில் ஒரு கட்டு கிருமியோடு வந்துவிட்டது என்று வையுங்கள். அதே நாளில், அதே கிருமிநீக்கக் கலத்தில் வெந்த மற்றப் பெட்டிகள் எங்கெங்கே போயின என்று உடனே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எல்லாவற்றையும் தூக்கி எறிய வேண்டும்; இல்லையென்றால் எதையும் எறியாமல் காத்திருக்க வேண்டும். இரண்டாவது, உயிரோடு விளையாடுவது. இதனால்தான் அமெரிக்கா 2013-இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2017-இலும் மருத்துவப் பொருள்களுக்குத் தனித்த அடையாள எண் வேண்டும் என்று விதி வகுத்தன.

மேசையில் இருப்பவை கொஞ்சம்தான்: ஒரு கணினி, ஒரு மின்தராசு, ஒரு லேபிள் பிரிண்டர், ஒரு ஸ்கேனர், சிவப்பும் பச்சையுமாக எரியும் விளக்குத் தூண். எதையும் பொருத்துவதற்கு முன்னால் பேக்கிங் பகுதியில் வெகுநேரம் நின்று பார்த்தேன். பெட்டி எந்தப் பக்கமிருந்து வருகிறது, எந்தக் கை டேப் ஒட்டுகிறது, எந்தக் கை பெட்டியைத் தள்ளுகிறது என்று பார்க்காமல் மேசை போட்டால் அந்த மேசை நிற்காது. அங்கே பல வருடம் வேலை பார்க்கும் ஓர் அக்காவிடம் ஸ்கேனரைக் கொடுத்துக் கேட்டேன்.

"இதைக் கையில பிடிச்சா பெட்டிய எதால பிடிக்கிறது சார்? மேல தொங்க விடுங்க. நாங்க பெட்டிய அடியில தள்ளிட்டுப் போயிட்டே இருப்போம்" என்றார்.

"சரியா ஸ்கேன் ஆச்சுன்னா பீப் சத்தம் வரும்க்கா" என்றேன்.

"தறிச் சத்தத்துல பக்கத்துல நின்னு பேசுறதே கேக்காது. லைட்டு பெருசா வைங்க. அதுலயும் சிவப்பு எரிஞ்சா என்ன தப்புன்னு தமிழ்ல எழுதி வரட்டும்."

மேசையின் வடிவம் அந்த இரண்டு பேச்சில் முடிவாகிவிட்டது. ஸ்கேனர் மேலே கம்பியில் ஏறியது. லேபிள் பளபளப்பாக இருந்தால் ஸ்கேனரின் ஒளி நேராகத் திரும்பி அதன் கண்ணையே கூசச் செய்யும். அதனால் கொஞ்சம் சாய்த்து வைத்தோம். பஞ்சுத் தூசி எதையும் விடாது. ஸ்கேனரின் கண்ணாடியிலும் பிரிண்டரின் அச்சுத் தலையிலும் படிந்துவிடும். அச்சுத் தலையில் ஒரு புள்ளி அடைபட்டால் கோட்டில் ஒரு வெள்ளைக் கீறல் விழும். ரிப்பன் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைப்பது என்று எழுதி ஒட்டினோம். வெப்பம் பட்டாலே கறுக்கும் தாள் இங்கே உதவாது. தூத்துக்குடித் துறைமுகத்தில் வெயிலில் நிற்கும் கன்டெய்னருக்குள் அது மங்கிவிடும். மை ரிப்பனில் அச்சிட்ட லேபிள்தான் கடல் தாண்டும்.

ஸ்கேனரைப் பழக்குவது எனக்கு இன்னும் அலுக்காத காரியம். அதன் கையேட்டைத் திறந்தால் பக்கம் பக்கமாகப் பார்கோடுதான். எந்தக் கோட்டைக் காட்டுகிறோமோ அந்தக் குணம் அதற்கு வந்துவிடும். ஒரு கோடு காட்டினால் கீபோர்டு போல நடந்துகொள்ளும். இன்னொன்று காட்டினால் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னும் என்டர் தட்டும். கடைக்கு அது போதும். ஏற்றுமதிப் பெட்டிக்குப் போதாது. பெட்டியின் கோட்டுக்குள் பல தகவல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கின்றன. 01 என்று தொடங்கினால் அடுத்த 14 இலக்கம் பொருளின் எண். 17 என்றால் அடுத்த ஆறு இலக்கம் காலாவதித் தேதி. 10 என்றால் தொகுதி எண். அது 20 எழுத்து வரை நீளலாம், குறையவும் செய்யலாம். நீளம் மாறுகிற தகவல் எங்கே முடிகிறது என்று சொல்ல, கண்ணுக்குத் தெரியாத பிரிப்புக் குறி ஒன்று உண்டு. கீபோர்டு முறையில் அந்தக் குறி வழியிலேயே காணாமல் போக வாய்ப்பு அதிகம். போய்விட்டால் தொகுதி எண்ணும் அதற்கடுத்த தொடர் எண்ணும் ஒட்டிக்கொண்டு, உலகத்தில் இல்லாத ஒரு தொகுதி பிறந்துவிடும். அதனால் ஸ்கேனரைச் சீரியல் போர்ட் முறைக்கு மாற்றி, அந்தக் குறி முழுசாகக் கணினிக்கு வந்து சேர்கிறதா என்று எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தோம். கூடவே, நீளம் மாறாத தகவல்களை முன்னாலும் மாறுவதைக் கடைசியிலும் வைத்து லேபிளை வடிவமைத்தோம்.

நிரல் என்பது பெரும்பாலும் எதை விடக்கூடாது என்ற பட்டியல்தான். தராசில் எடை வரம்புக்கு வெளியே இருந்தால் லேபிள் அச்சாகாது. தொகுதி எண் அன்றைய உற்பத்தி ஆணையோடு பொருந்தாவிட்டால் சிவப்பு. ஒரே பெட்டி இரண்டு முறை வந்தால் சிவப்பு. ஒட்டிய லேபிளைத் திரும்ப ஸ்கேன் செய்து, அச்சிட்டதும் படித்ததும் ஒன்றுதான் என்று தெரிந்த பிறகே பச்சை. லேபிளின் தரத்தையும் தனியாக அளந்தோம். ஐ.எஸ்.ஓ. 15416 தரநிலைப்படி ஏ முதல் எஃப் வரை மதிப்பெண் உண்டு. கோடுகளின் இரு பக்கமும் மிக மெல்லிய கோட்டைப் போல 10 மடங்கு வெற்றிடம் இருக்க வேண்டும். பெட்டியின் டேப் அந்த வெற்றிடத்தில் ஏறினாலே ஸ்கேனர் தடுமாறும்.

இந்தக் கோடுகள் தொடங்கிய இடம் ஒரு கடற்கரை. 1940-களின் கடைசியில் மயாமி கடற்கரை மணலில் உட்கார்ந்திருந்த ஜோசப் உட்லண்ட், மோர்ஸ் குறியின் புள்ளிகளையும் கோடுகளையும் விரலால் கீழே இழுத்துவிட்டார். மெல்லிய கோடும் தடித்த கோடுமாக மணலில் விழுந்தன. நண்பர் பெர்னார்டு சில்வரோடு சேர்ந்து 1952-இல் காப்புரிமை பெற்றார். ஆனால் அதைப் படிக்க மலிவான லேசரும் கணினியும் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1974 ஜூன் 26 அன்று ஓஹையோ மாநிலத்தின் ட்ராய் நகரக் கடை ஒன்றில் சூயிங்கம் பாக்கெட் ஒன்று முதன்முதலாக ஸ்கேன் ஆனது. மணலில் கிழித்த கோடு, எழுபது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு ராஜபாளையத்தின் சஞ்சீவி மலை அடிவாரத்தில் கட்டுத்துணிப் பெட்டி மேல் ஏறிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆலைக்கு விடுமுறை. பஸ் ஏறினால் ஸ்ரீவில்லிபுத்தூர் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது. ஊர் வருவதற்கு முன்பே கோபுரம் வருகிறது. தமிழக அரசு முத்திரையில் சின்னஞ்சிறிதாகப் பார்த்துப் பழகிய அந்த 11 நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும்போதுதான் அதன் அளவு புரிகிறது. ஆண்டாள் சூடிய மாலை புரட்டாசி பிரம்மோத்சவக் கருட சேவைக்குத் திருமலைக்குப் போகிறது; சித்திரையில் மதுரைக்கு, அழகர் ஆற்றில் இறங்கும் வேளைக்கு. எங்கிருந்து வருகிறது, யார் சூடியது என்று தெரிவதால்தான் அந்த மாலைக்காக மலைமேலும் வைகைக் கரையிலும் காத்திருக்கிறார்கள்.

கோவில் தெருவில் பால்கோவா வாங்கினேன். பாலும் சர்க்கரையும் மட்டும், விறகு அடுப்பில் கிளறிக் கிளறிச் சுண்ட வைத்தது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. கடைக்காரர் பெட்டியின் பார்கோட்டைக் காட்டி, "890-ன்னு ஆரம்பிச்சா நம்ம நாட்டுச் சரக்கு" என்றார். பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். அந்த 890, எண்ணை வழங்கியது ஜி.எஸ்.1 அமைப்பின் இந்தியக் கிளை என்று மட்டுமே சொல்லும். பண்டம் எங்கே செய்தது என்று சொல்லாது. கடைசி இலக்கம் ஒரு காவல்காரன். 890123456789 என்று 12 இலக்கம் இருந்தால், ஒற்றை இடத்து எண்களின் கூட்டல் 28. இரட்டை இடத்துக் கூட்டல் 34, அதன் மூன்று மடங்கு 102. இரண்டும் சேர்ந்து 130, பத்தின் மடங்கு. எனவே 13-ஆவது இலக்கம் 0. எந்த ஓர் இலக்கம் தவறினாலும் இந்தக் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். கடைக்காரர் பேனா எடுத்துத் தன் பெட்டியின் எண்ணைக் கூட்டிப் பார்த்தார். சரியாக வந்ததும் அவர் முகத்தில் வந்த மகிழ்ச்சி எனக்கும் வந்தது.

கோடுகளுக்குள் ஊரின் பெயர் இல்லை. ராஜபாளையம் என்றோ சத்திரப்பட்டி என்றோ அவற்றில் எழுத இடமில்லை. எண் மட்டும் போகிறது; அந்த எண்ணுக்குப் பின்னால் எந்தத் தறி, எந்தப் பிளீச்சிங், எந்த நாள், யார் கை என்ற விவரம் ஆலையின் பதிவில் இருக்கிறது. அந்தப் பதிவு உண்மையாக இருந்தால்தான் கோட்டுக்கு மதிப்பு. எங்கோ ஓர் ஆஸ்பத்திரி கேட்கும்போது இங்கிருந்து மறைக்காத பதில் போக வேண்டும். இயந்திரம் அந்த நேர்மையைத் தராது. சிவப்பு எரியும்போது பெட்டியை ஒதுக்கி வைக்கும் அந்த அக்காதான் தருகிறார்.

நான் அமைத்த மேசையில் அந்தப் பதிவுச் சங்கிலி பேக்கிங் பகுதியிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய கதை, தறிக்கூடத்திலிருந்து வரும் கைச்சீட்டில் இருக்கிறது. சீட்டு நனையும், கிழியும். பாவு உருளையிலும் தறியிறங்கும் ரோலிலும் சிறிய கோடு ஒன்று ஏறினால், பதில் தறி வரைக்கும் போய்ச் சேரும். அதற்குப் பெரிய முதலீடு வேண்டாம்: ஒரு பிரிண்டர், சில ஸ்கேனர்கள், பொறுமையாகக் கற்றுக்கொடுக்க ஓர் ஆள். நாலு தறி வைத்திருப்பவர் தனியாக வாங்க முடியாவிட்டாலும், தெருவுக்கு ஒன்றாகப் பத்துப் பேர் சேர்ந்து வாங்கலாம். உலகத்தின் காயங்களைக் கட்டும் துணியை நெய்கிறவர்களின் உழைப்பு, பெட்டியின் மேல் ஒட்டும் எண்ணோடு தொடங்காமல், அவர்கள் தறியிலேயே தொடங்கிப் பதிவாக வேண்டும். அடுத்து அங்கே போகும்போது நான் செய்ய நினைத்திருப்பது அந்த வேலையைத்தான்.