எடுத்தது எத்தனை முறை

கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் 5 ஏக்கர் காடு. கொங்குப் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். அதில் ஒரு துண்டைச் சமன்படுத்தி ஞாயிற்றுக்கிழமைகளில் மாதிரி விமானம் பறக்கவிடுகிறோம். உறுப்பினர்கள் 26 பேர். அதில் பெண்கள் 4 பேர். ஒன்பது வருடமாக நான் செயலாளர். வெளியில் சொன்னால் முதலில் வரும் கேள்வி, “நம்ம அஜித் விடுவாரே, அதுங்களா?” ஆமாங்க, அதேதான் என்று சொல்லிவிடுவேன். விளக்கப் போனால் டீ ஆறிவிடும்.

நான் நன்றாகப் பறக்கவிடுவேன் என்பதற்காக யாரும் என்னைச் செயலாளர் ஆக்கவில்லை. முன்பிருந்தவர் வேலை மாற்றலாகிப் போனார். “மேடம்தான் எல்லாத்தையும் பொறுப்பா எழுதி வைப்பாங்க” என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். கைதட்டினார்கள். அப்போது எனக்குத் தனியாக விமானத்தைத் தரையிறக்கக்கூடத் தெரியாது.

செயலாளர் வேலை என்றால் வீட்டு வேலைதான், கூரை மட்டும் இல்லை. பொங்கலுக்கு முன் நிலக்காரருக்கு வாடகை, சந்தா வசூல், லைப்போ பேட்டரி தீப்பிடித்தால் கொட்ட மணல் வாளி, விரலைக் காற்றாடி வெட்டினால் கட்டுத் துணி, தென்னை மரத்தில் விமானம் மாட்டிக்கொண்டால் ஏறுகிறவரின் போன் நம்பர். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தூக்கி அடிக்கும். “இன்னிக்கு வேண்டாம்” என்று 26 பேருக்கும் சொல்லி, அதில் பாதிப் பேரின் கோபத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும். 2021 ட்ரோன் விதிகள் வந்த பிறகு வரைபடம் பார்ப்பதும் சேர்ந்துகொண்டது. எங்கள் மாதிரி விமானங்களும் அந்த விதிகளுக்குள் வருகின்றன. கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள்தான் பறக்கவிட வேண்டும். ஒரு பக்கம் கோவை விமான நிலையம், இன்னொரு பக்கம் சூலூர் விமானப்படைத் தளம். பச்சை மண்டலம், மஞ்சள் மண்டலம், சிவப்பு மண்டலம் என்று சனிக்கிழமை இரவு சரிபார்த்துவிட்டுத்தான் தூங்குவேன். ஒருமுறை தகவல் கடிதம் கொடுக்கக் காவல் நிலையம் போனபோது, “சார் யாரும் வரலீங்களா?” என்று கேட்டார்கள். எந்த சார் என்று எனக்கும் தெரியவில்லை.

கழிப்பறைக்கு மட்டும் நான்கு வருடம் போராடினேன். ஆண்களுக்கு வேலி இருந்தது. நாங்கள் காலை ஐந்து மணியிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தோம். இப்போது தகரக் கதவோடு ஒன்று இருக்கிறது. அந்தக் கதை இத்தோடு போதும். நான் சொல்ல வந்தது வேறு.

கல்லூரியில் நான் என்.சி.சி. வான்பிரிவில் இருந்தேன். அங்கே கண்ட்ரோல் லைன் விமானம் உண்டு. இரண்டு கம்பிகளை ஒரு கைப்பிடியில் கட்டி, நடுவில் ஆள் நின்று சுற்ற, விமானம் வட்டமடிக்கும். பால்சா கட்டையைப் பிளேடால் அறுப்பது, இறக்கைக்கு உப்புத்தாள் போடுவது, தாள் ஒட்டுவது எல்லாம் நாங்கள். கைப்பிடியைப் பிடிப்பது பையன்கள். “உங்க கை நீட்டு வேலைக்குத்தான் பொருத்தம்” என்பார்கள். பாராட்டு என்று நினைத்துச் சிரித்திருக்கிறோம். மூன்று வருடத்தில் என் கைக்கு அந்தக் கைப்பிடி ஒருமுறைகூட வரவில்லை.

ரேடியோவில் பழகுவது வேறு மாதிரி. பழக்குகிறவரிடம் ஒரு ரேடியோ, பழகுகிறவரிடம் ஒரு ரேடியோ, இரண்டையும் இணைத்திருப்போம். பழக்குகிறவர் தன் ரேடியோவில் ஒரு சுவிட்சை அழுத்திப் பிடித்திருக்கும்வரை விமானம் பழகுகிறவர் கையில். விரலை எடுத்தால் அந்த நொடியே திரும்ப வந்துவிடும். கொடுப்பதற்குத்தான் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். பிடுங்குவதற்கு ஒன்றுமே செய்ய வேண்டாம்.

இரண்டு வருடம் முன்பு ஒரே காலையில் இரண்டு பேரைப் பழக்கினேன். ஒருவன் பிளஸ் டூ படிக்கும் பையன். மற்றவள் பொறியியல் இரண்டாம் ஆண்டு. இறங்கி வந்ததும் அவள் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

“அக்கா, எங்கிட்ட இருந்து ஏழு தடவை எடுத்தீங்க. அவங்கிட்ட ஒரே தடவை.”

“நீ ரொம்பத் தாழ வந்துட்ட, அம்மிணி.”

“அவன் பனைமரத்தை உரசப் பாத்தானே?”

எனக்குக் கோபம்தான் வந்தது. விடிவதற்கு முன் எழுந்து வந்து இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறேன், கணக்கு வேறு வைக்கிறாளா? வீட்டுக்கு வந்த பிறகு, ஓர் உறுப்பினர் போனில் எடுத்த வீடியோவை வாங்கிப் பார்த்தேன். ஏழு இல்லை. ஒன்பது. அதில் ஆறு முறை விமானம் நல்ல உயரத்தில் இருந்தது. தப்பு செய்து, அவளே திருத்திக்கொள்ள இடம் இருந்தது. விமானம் நம்மைப் பார்த்து வரும்போது வலம் இடமாகத் தெரியும். எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ள வேண்டும். வாயால் நூறு முறை சொல்லலாம். கை அதைத் தானாகக் கண்டுபிடிக்க ஓரிரு நொடி தேவை. அந்த நொடிகளைத்தான் நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். பையன் திணறியபோது, “பாத்துக்குவான்” என்று என் விரல் சும்மா இருந்திருக்கிறது.

ஏன் என்று யோசித்தால் பதில் கௌரவமாக இல்லை. அவள் உடைத்தால் நான்தான் உடைத்ததாக ஆகும் என்று பயந்திருக்கிறேன். எங்கள் களத்தில் ஆண்கள் உடைத்த விமானங்களுக்குப் பெயரே உண்டு. டீக்கடையில் படம் காட்டிச் சிரிப்பார்கள், அடுத்த வாரம் புது இறக்கையோடு வருவார்கள். நான் முதல்முறை மண்ணில் குத்தியபோது யாரும் சிரிக்கவில்லை. ஓடி வந்து, “பரவால்ல மேடம், பரவால்ல” என்றார்கள். பிறகு மூன்று மாதம் யாரும் என் கையில் ரேடியோ கொடுக்கவில்லை. கேலி செய்திருந்தால் தேவலை.

அடுத்த கூட்டத்தில் இரண்டு விஷயம் வைத்தேன். பழக்குகிறவர் விரலை எடுக்கும் முன் “எடுக்கறேன்” என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். எத்தனை முறை என்று பதிவேட்டில் எழுத வேண்டும். இரண்டாவது, பழகுகிற விமானம் கிளப்புடையது, யார் உடைத்தாலும் செலவு கிளப்புடையது. முதலாவதைக் கேட்டுச் சிரித்தார்கள். இரண்டாவதுக்குச் சண்டை. “அப்புறம் ஆளாளுக்கு உடைச்சிட்டே இருப்பாங்க” என்றார் பொருளாளர். கைக்காசு போட்டு உடைக்க முடிகிறவர்கள் யார் என்று கேட்டேன். அந்தப் பெண்ணின் அப்பா மில்லில் வேலை பார்க்கிறார். ஒரு மோட்டாரும் நான்கு சர்வோவும் உடைந்தால், அவள் திரும்பிக் களத்துக்கு வர வீட்டில் என்ன சொல்லிக் கேட்பாள்? இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. பொருளாளர் இன்னும் அதைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

ஆறு மாதப் பதிவேட்டைக் கூட்டிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. பெண்களிடமிருந்து எல்லோரும்தான் எடுத்திருந்தோம். என் கணக்கு இரண்டாமிடம். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பழக வருகிறார், அவரிடமிருந்தும் அதே அளவு. கை நடுங்கும் என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம். அவர் கை நடுங்கி நான் பார்த்ததில்லை.

போன மாசி மாதம் ஒரு காலை, காற்றே இல்லை. அவள் நான்காவது வட்டத்தில் எங்களைப் பார்த்துத் திருப்பினாள். இடது இறக்கை தாழ்ந்தது. அவள் குச்சியை வலப்பக்கம் தள்ளினாள். உயரம் இருந்தது. நான் விரலை எடுக்கவில்லை. மறுபடி வலம். பிறகு இடப்பக்கம் தள்ளினாள். சரிதான், ஆனால் நேரம் கடந்துவிட்டது. உழுதிருந்த பக்கத்துக் காட்டில் மூக்கைக் குத்தி நின்றது விமானம்.

நிலக்காரர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “ஏனுங் அம்மிணி, வெதைக்கறீங்ளா?” என்றார். களமே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

கட்டாந்தரையில் இறக்கையை வைத்து உடைசலைப் பார்த்தோம். காற்றாடி ஒன்று, மோட்டார் தாங்கும் பலகை ஒன்று, மூக்குப் பக்கம் கொஞ்சம் போம். பதிவேட்டில் அவளே எழுதினாள்.

“அக்கா, பசை காய எவ்வளவு நேரம் ஆகும்?”

“அரை மணி நேரம்.”

“பேட்டரி இன்னொண்ணு இருக்குதுங்ளா?”

இருந்தது.