பேரிளம்பெண்ணுக்குப் பிறகு

சென்ற பங்குனியில் இரண்டாமாண்டு மாணவர்களுக்கு மூவருலா நடத்திக்கொண்டிருந்தேன். உலா வரும் தலைவனைக் கண்டு மயங்கும் பெண்களை வயதுவாரியாக ஏழு பருவமாகப் பிரிப்பது அந்த இலக்கிய வகையின் மரபு. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று கரும்பலகையில் எழுதி, எதிரே வயதையும் குறித்தேன். பேரிளம்பெண்: 32 முதல் 40.

எழுதி முடிக்கும்போது நெஞ்சுக்குள்ளிருந்து குப்பென்று ஒரு சூடு கிளம்பிக் கழுத்து, காது, நெற்றி என்று ஏறியது. புடவைக்கு மேல் கல்லூரி கட்டாயமாக்கியிருக்கும் ஓவர்கோட் முதுகோடு ஒட்டியது. ஒட்டக்கூத்தர் என்ற பெயர் நாக்கில் வரவில்லை. இருபது வருடமாக நடத்தும் பாடம்.

"மேடம், நாப்பதுக்கு அப்புறம் என்ன பேரு?" என்றாள் கடைசி பெஞ்சில் ஒருத்தி. வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். எனக்கு 47.

மாதவிடாய் பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வராவிட்டால்தான் மெனோபாஸ் என்பார்கள். பாடெல்லாம் அதற்கு முந்தைய வருடங்களில். ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்க, உடல்சூட்டைச் சமன்செய்யும் மூளைப்பகுதி தடுமாறுகிறது. இரவில் வேர்த்து விழிப்பு, பகலில் மறதி, எரிச்சல், சிலருக்குப் பெரும்பாடு. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நிற்கிறது. பணிமூப்பு சேர்ந்து, துறைத்தலைமை கைக்கு எட்டும் அதே வயது.

அன்று பேருந்தில் வரும்போது, முன்பு என்னோடு வேலை பார்த்த ஓர் அக்காவை நினைத்துக்கொண்டேன். மார்கழியிலும் மின்விசிறியைப் போடுவார். நாங்கள் ஜாடை காட்டிச் சிரித்துக்கொண்டே அணைப்போம். கழிப்பறை கீழ்த்தளத்தில் இருந்ததால் வகுப்பையும் கீழே மாற்றித் தரச் சொல்லிக் கேட்டார், கிடைக்கவில்லை. எதற்கெடுத்தாலும் எரிந்துவிழுகிறார் என்று அவருக்குக் 'காளியாத்தா' என்று பெயர் வைத்த இளம் விரிவுரையாளர்களில் நானும் ஒருத்தி.

ஒருநாள் என்னிடம், "வேலைய விடுறேன்மா. லெட்டர்ல என்ன காரணம் எழுதலாம்?" என்று கேட்டார். "'குடும்பச் சூழ்நிலை'ன்னு போடுங்கக்கா, யாரும் கேள்வி கேக்கமாட்டாங்க" என்றேன். உண்மையிலேயே யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவருடைய இத்தனை வருட உழைப்பை மூடிய இரண்டு சொற்களும் நான் எடுத்துக் கொடுத்தவை.

பெண்ணுடலுக்குச் சட்டம் எழுதத் தெரியாத நாடல்ல இது. 2017 திருத்தத்துக்குப் பின் மகப்பேறு விடுப்பு 26 வாரம். தமிழக அரசுப் பெண் ஊழியருக்கு 2021 முதல் 12 மாதம். அதே 2021இல், கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்றும் இங்கே சட்டம் திருத்தப்பட்டது. ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்ற பெண்களைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் பிள்ளை பெறும் உடலுக்கு இருக்கும் விதி, அந்தக் காலம் முடிந்த உடலுக்கு இல்லை. பாட்டியலைப் போலவே பணிவிதியும் பேரிளம்பெண்ணோடு நின்றுவிடுகிறது.

முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதினேன். வகுப்பில் நாற்காலி, ஓவர்கோட்டிலிருந்து விலக்கு, மாடியில் தண்ணீர் வரும் கழிப்பறை, தூங்காத இரவுக்கு மறுநாள் முதல் பீரியடை மாற்றிக்கொள்ள அனுமதி. கையெழுத்துக் கேட்டபோது ஒருவர் தயங்கினார். "நம்ம வயச நாமளே தண்டோரா போடணுமா மேடம்? லாயக்கில்லைன்னு அனுப்பிடுவாங்க." சுயநிதிக் கல்லூரியில் அது வெற்றுப் பயமில்லை. அவரை நான் வற்புறுத்தவில்லை.

பெருக்கிக்கொண்டிருந்த அக்கா துடைப்பத்தைச் சாய்த்துவைத்தார். "எனக்கும் அதுல ஒரு வரி சேருங்கம்மா. மூணு மாடி வாளி தூக்குறேன். ராத்திரி வேர்த்து ஊத்துது. மத்தியானம் ஒரு மணி நேரம் ஒக்கார விட்டாப் போதும்." ஒப்பந்தத் தொழிலாளி. அவர் எனக்குத் தோன்றவே இல்லை. ஐந்தாவது வரி எழுதினேன்.

முதல்வர் படித்துவிட்டு 'மாதவிடாய் நிறுத்தம்' என்ற இடத்தில் பேனாவை வைத்தார். "இந்த வார்த்தை வேணுமா மேடம்? 'உடல்நலக் காரணம்'னு போட்டுடலாமே."

குடும்பச் சூழ்நிலை என்று ஒருமுறை எழுதச் சொன்னவள் நான். "வேணும் சார்" என்றேன்.

இரண்டு வாரம் கழித்துச் சுற்றறிக்கை வந்தது. கோடை வெப்பத்தை முன்னிட்டு, ஜூன் வரை பேராசிரியைகள் ஓவர்கோட் அணிய வேண்டியதில்லை. வகுப்புக்கு நாற்காலியும் வந்துவிட்டது. கழிப்பறை பரிசீலனையில் இருக்கிறதாம். ஐந்தாவது வரிக்குப் பதில் இல்லை. நான் எழுதிய சொல்லும் அதில் எங்கும் இல்லை.

ஜூனில் கோட்டு திரும்பி வரும். நானும் திரும்ப எழுதுவேன், அதே சொல்லோடு. இந்த முறை வாளி தூக்குகிற அக்காவின் வரி முதலில் இருக்கும்.