மகில் மலையடிவாரத்து முந்திரிகைத் தோட்டம்

தென் அவுஸ்திரேலியாவின் தலைநகராகிய அடிலெய்ட்டிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 8 கிலோமீற்றர் சென்றால், மலையடிவாரத்தில் மகில் என்னும் புறநகரை அடைகிறோம். சுற்றிலும் வீடுகள் நெருங்கி நிற்க, நடுவே ஏறக்குறைய 5 ஹெக்டேயர் நிலத்தில் முந்திரிகைக் கொடிகள் நிரைநிரையாக நிற்கின்றன. பென்போல்ட்ஸ் என்னும் புகழ்பெற்ற வைன் ஆலை தோன்றிய இடம் இதுவே. வைன் அருந்தாதவர்க்கும் இதன் வரலாறு சுவை தருவதாகும்.

1844ஆம் ஆண்டில், இங்கிலாந்திலிருந்து வந்த மருத்துவர் கிறிஸ்தோபர் பென்போல்டும் அவர் மனைவி மேரியும் இங்கே குடியேறினர். அக்கால மருத்துவர் பலரைப் போல அவரும் நோயாளர்க்கு வைனை மருந்தாகக் கொடுத்தார். அவர் நோயாளரைக் கவனிக்க, தோட்டத்தையும் வைன் ஆக்கும் பணியையும் மேரி அம்மையார் நடத்தினார். அவர்கள் வாழ்ந்த சிறு வீட்டின் பெயர் கிறேஞ்ச். அவ்வீட்டை இன்றும் அங்கே காணலாம்.

அப்பெயரால் ஒரு சிவப்பு வைனை ஆக்கியவர் மக்ஸ் ஷூபேர்ட். 1950இல் ஐரோப்பா சென்ற அவர், பிரான்சின் போர்தோப் பகுதியில், பல்லாண்டு கடந்தும் சுவை குன்றாத வைன்களைக் கண்டார். அத்தகைய வைனைத் தம் நாட்டிலும் ஆக்கவேண்டுமென உறுதி பூண்டார். போர்தோவின் முந்திரிகை வகைகள் அங்கு அரிதாயிருந்தமையால், ஷிராஸ் என்னும் வகையைத் தேர்ந்து, 1951இல் புதிய ஓக்குமரப் பீப்பாய்களில் முதிரவிட்டார்.

இளமையில் அதனைச் சுவைத்தோர் முகஞ்சுழித்தனர். 1957இல் நிறுவனத்தார் அம்முயற்சியை நிறுத்துமாறு கட்டளையிட்டனர். ஷூபேர்ட்டோ மகில் நிலவறைகளில் மூன்று ஆண்டுகள் மறைவாகவே வைனை ஆக்கி வந்தார். இதற்கிடையில் முன்னைய போத்தல்கள் முதிர்ந்து சுவை கனிந்தன. 1960இல் கட்டளை நீங்கியது. 1955ஆம் ஆண்டு வைன் பின்னர் பொற்பதக்கங்கள் பல பெற்றது.

எவ்வுணவுக்கு எவ்வைன் பொருந்தும் என்பதும் அந்நாட்டில் ஒரு கலை. ஷிராஸ் வைனில் தனின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுதி. பால் விடாத தேநீர் நாவைத் துவர்க்கச் செய்வதையும், பால் விட்டதும் அத்துவர்ப்பு அடங்குவதையும் நாம் அறிவோம். அவ்வாறே இறைச்சியின் புரதமும் கொழுப்பும் வைனின் துவர்ப்பைத் தணிக்கின்றன. ஆதலால் வாட்டிய செம்மறியாட்டிறைச்சி, மாட்டிறைச்சி, முதிர்ந்த பாற்கட்டி ஆகியவற்றோடு அதனைப் பரிமாறுவர். மென்சுவை மீனோடு அது இணங்காது. மிளகாயின் எரிவையோ மதுச்சாரம் மிகுவிக்கும்.

மிளகின் செய்தி வேறு. ஷிராஸ் வைனுக்கும் நம் அடுக்களை மிளகுக்கும் காரமணம் தருவது ரொட்டுண்டோன் என்னும் ஒரே பொருள் என 2008இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் வெளியிட்டனர். மிளகு தூவிய இறைச்சியோடு இவ்வைன் ஒத்துப்போவதன் காரணம் இதனால் ஓரளவு விளங்குகிறது.

மகில் தோட்டத்தின் பெரும்பகுதி இன்று வீடுகளாகிவிட்டது. எஞ்சிய கொடிகளும் நிலவறைகளும் மாணவர்க்கு ஒன்றை உணர்த்துகின்றன: முதிருமுன் எதனையும் தீர்ப்பிடுதல் ஆகாது.