ஏறி ஓட்டுவதற்கான வண்டி

பழைய இரும்பு சைக்கிள்களுக்கு இப்போது புது மவுசு வந்திருக்கிறது. இரட்டை பார் வைத்த ராலே, கம்பி பிரேக் போட்ட ஹெர்குலிஸ், தோல் சீட்டோடு கிடக்கும் பிலிப்ஸ் எல்லாவற்றையும் தேடித் தேடி வாங்குகிறார்கள். காபிக் கடைச் சுவரில் மாட்டுகிறார்கள். கல்யாணப் படம் எடுக்க வாடகைக்கு விடுகிறார்கள். 'தாத்தா காலத்து வண்டி' என்று விளம்பரம் போட்டால் விலை ஏறிவிடுகிறது.

யாருடைய தாத்தா என்பதுதான் எங்கள் கேள்வி.

நாங்களும் பழைய சைக்கிள் வாங்குகிறவர்கள்தான். எங்கள் காலனிப் பிள்ளைகள் பள்ளிக்கும் டியூஷனுக்கும் போக, காயலான் கடைகளிலும் வீட்டுக் கொல்லைகளிலும் கிடக்கும் வண்டிகளை வாங்கி, ஓவராயில் பண்ணிக் கொடுக்கிறோம். அப்படிக் கழற்றிக் கழற்றிப் பூட்டியதில் இந்த வண்டிகள் மேல் எங்களுக்கு ஒரு பிரியம் வந்துவிட்டது. அந்தப் பிரியத்துக்குப் பின்னால் ஒரு கணக்கும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரத்து ராலே கம்பெனி 1880களில் தொடங்கியது. அங்கிருந்து கப்பலில் வந்த வண்டி பண்ணையாருக்கும் வக்கீலுக்கும்தான் எட்டியது. 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ், 1951இல் சோனிப்பட்டில் அட்லஸ், 1956இல் லூதியானாவில் ஹீரோ என்று உள்ளூரிலேயே செய்யத் தொடங்கிய பிறகுதான் கூலிக்காரர் கைக்கு மெல்ல மெல்ல சைக்கிள் வந்தது. எங்கள் வீடுகளில் மாடோ நிலமோ இல்லாத காலத்தில் வாங்கிய முதல் சொத்து பெரும்பாலும் இதுதான்.

சைக்கிள் வந்ததும் என்ன நடந்தது? பதினைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டவுனுக்குப் போய் வேலை பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்ப முடிந்தது. செங்கல் சூளை, மில், கட்டட வேலை என்று பண்ணையாரின் களத்துக்கு வெளியே கூலி கிடைத்தது. 'நாளைக்கு வேலைக்கு வர மாட்டேன்' என்று சொல்லும் தைரியத்தைக் கொடுத்ததில் இருபது கிலோ இரும்புக்கும் பங்கு உண்டு. பண்ணையாருக்கும் அது தெரிந்திருந்தது.

அதனால்தான் ஊர்த்தெருவில் தடை. எங்கள் அப்பாக்கள் ஊர் எல்லையில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், அந்தப் பக்கத்து எல்லையில்தான் ஏறினார்கள். மறந்து ஏறி வந்தவரின் டயரில் காற்றைப் பிடுங்கினார்கள், அடித்தார்கள், பஞ்சாயத்தில் நிறுத்தித் தண்டம் போட்டார்கள். சீட்டில் உட்கார்ந்தால் திண்ணையில் இருப்பவர்களை விட உயரம் கூடிவிடுகிறதாம்.

சட்டத்தின் கணக்கையும் பாருங்கள். பொதுச் சாலையில் யாரும் நடக்கலாம் என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் கொண்டு வந்தது 1924இல். தாழ்த்தப்பட்டவர் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறிப் போவதைத் தடுப்பது குற்றம் என்று பெயர் சொல்லியே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சேர்த்தது 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில்; நடைமுறைக்கு வந்தது 2016 ஜனவரி 26. நடப்பதற்கும் ஏறிப் போவதற்கும் நடுவில் தொண்ணூற்றிரண்டு வருடம். நிலவுக்கு மனிதன் போய் வந்த பிறகும் சைக்கிள் என்ற சொல்லை அந்தச் சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது என்றால் தேவை இருந்தது என்றுதான் அர்த்தம்.

இனி வண்டிக்கு வருவோம். வாங்கப் போகிற தோழர்களுக்கு எங்கள் அனுபவத்தில் சில விஷயங்கள்.

புதுப் பெயின்ட் பளபளத்தால் உடனே நம்பாதீர்கள். ஹாண்டில்பாருக்குக் கீழே பிரேமின் குழாய்கள் சேரும் இடத்தை, முக்கியமாகக் கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தை, விரலால் தடவிப் பாருங்கள். அங்கே பெயின்ட் அலை அலையாகச் சுருங்கியோ புடைத்தோ இருந்தால் வண்டி முன்னால் எதிலோ பலமாக மோதியிருக்கிறது. பிறகு பக்கவாட்டில் நின்று ஃபோர்க்கைப் பாருங்கள். மேலிருந்து நேராக இறங்கி, கீழே மட்டும் முன்பக்கம் லேசாக வளைய வேண்டும். பின்னுக்குத் தள்ளியிருந்தால் வேறு வண்டி பாருங்கள்.

மேல் துருவுக்குப் பயப்பட வேண்டாம், மண்ணெண்ணெயும் துணியும் போதும். உள்துருதான் ஆபத்து. பெடல் அச்சு ஓடும் கூட்டில் மழைத் தண்ணீர் தேங்கி அரிக்கும். அடியில் பார்க்க மறக்காதீர்கள். சீட் கம்பி ஏறி இறங்குகிறதா என்று ஆட்டிப் பாருங்கள். வருடக்கணக்கில் அசையாமல் பிடித்துக்கொண்ட கம்பியை எடுக்க ஒரு நாள் போய்விடும்.

சக்கரத்தைச் சுற்றிவிட்டு பிரேக் கட்டைக்குப் பக்கத்தில் கண் வையுங்கள். ரிம் ஆடினால் கோட்டம் எடுத்துக்கொள்ளலாம். போக்ஸ் கம்பி மாற்றலாம், பால்ரஸ் மாற்றலாம், கிராங்க்கை இறுக்கும் காட்டர் பின் மாற்றலாம். எல்லாம் சில்லறைச் செலவு. 28 இஞ்ச் டயர் இன்னும் டவுன் கடைகளில் கிடைக்கிறது. பழைய ராலேயில் ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் அகப்பட்டால் விடாதீர்கள். அதன் மேலேயே செய்த வருடமும் மாதமும் பொறித்திருக்கும்.

இந்த வண்டிகளின் அருமையே இதில்தான் இருக்கிறது. குழாய்களை ஒரு கூட்டுக்குள் செருகிப் பித்தளை உருக்கிப் பற்றவைத்த எஃகு இது. வளைந்தால் நிமிர்த்தலாம், விட்டுப்போனால் தெருமுனைப் பட்டறையிலேயே ஒட்டலாம். அலுமினிய பிரேமில் விரிசல் விட்டால் அந்தப் பட்டறையில் அதை ஒட்ட ஆள் இருக்காது. பழுது பார்க்க முடியாத பொருள் நம்மை மறுபடியும் கடைக்கு அனுப்புகிறது. பழுது பார்க்க முடிந்த பொருள் நம் கையிலேயே இருக்கிறது. மூன்று தலைமுறை ஓட்டிய அட்லஸ் எங்கள் தெருவில் இன்னும் ஓடுகிறது. அட்லஸின் சாகிபாபாத் தொழிற்சாலை 2020 ஜூன் 3ஆம் தேதி, உலக சைக்கிள் நாளன்றே உற்பத்தியை நிறுத்தியது.

பெண்களுக்கு பார் வைத்த வண்டி தோதுப்படாது என்று சொல்கிறவர்கள் உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தில் பெண்கள் சைக்கிள் பழகியபோது லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. அவர்கள் ஆண்கள் வண்டியையே வாங்கினார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே என்று சொன்னவர்களும் இருந்தார்கள். கூலிப் பெண்களுக்குக் கணக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று. எவ்வளவு மலிவாக வாங்கினாலும் விற்றவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். பெயர், தேதி, தொகை, கூடவே பிரேம் நம்பர். சீட்டுக்குக் கீழேயோ பெடல் கூட்டுக்கு அடியிலோ அந்த நம்பர் குத்தியிருக்கும். மற்றவர்களுக்கு இது சும்மா ஒரு ரசீது. எங்கள் பையன் ஒருவன் வாங்கிய ஹெர்குலிஸை ராத்திரி தள்ளிக்கொண்டு வந்தபோது ரோந்து வந்தவர்கள் நிறுத்தி, 'எந்தத் தெரு?' என்றுதான் முதலில் கேட்டார்கள். தெருவைச் சொன்னதும் வண்டி திருட்டு வண்டியாகிவிட்டது. காலையில் ரசீதைக் காட்டித்தான் அவனையும் வண்டியையும் மீட்டோம். பழைய வண்டி வைத்திருக்கும் காபிக் கடைக்காரரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

சுவரில் மாட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்ளட்டும். ஆனால் 'அந்தக் காலம் எவ்வளவு அழகு' என்று அதற்குக் கீழே எழுதும்போது, அந்தக் காலத்தில் அதே வண்டியைத் தள்ளிக்கொண்டு மட்டுமே போக முடிந்தவர்கள் இருந்தார்கள் என்பதையும் ஒரு வரி எழுதட்டும்.

எங்கள் பிள்ளைகளுக்கு வண்டியைக் கொடுக்கும்போது நாங்கள் இரண்டே விஷயம் சொல்கிறோம். வாரம் ஒருமுறை செயினுக்கு எண்ணெய் விடு. எந்தத் தெரு வந்தாலும் இறங்காதே.