கேக் வெட்டின ஊர்!

மாங்காடு என்றதும் உங்களுக்கு எது ஞாபகம் வருகிறது? பக்திமான் என்றால், ஊசி முனையில் தவம் செய்த காமாட்சி அம்மன். கல்யாணம் ஆகாதவர் என்றால், ஆறு வாரமும் எலுமிச்சம்பழமும். டி.வி. பார்ப்பவர் என்றால்... கேக்!

2018 பிப்ரவரி 6. மாங்காட்டை ஒட்டிய மலையம்பாக்கத்தில் ஒரு லாரி ஷெட். சூளைமேட்டு ரவுடி ஒருவருக்குப் பிறந்தநாள். கேக்கோடு வந்த பிளாஸ்டிக் கத்தி கௌரவக் குறைச்சலாகப் பட்டதோ என்னவோ, அரிவாளாலேயே வெட்டினார். போலீஸ் வளைத்தது. விருந்தாளிகள் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே. பிறந்தநாள்காரர் மட்டும் எஸ்கேப்! ஒரு வாரத்தில் அம்பத்தூரில் சரணடைந்தார். 'நான் அவ்வளவு பெரிய ரவுடி இல்லீங்க, சுகர் பேஷண்ட்' என்கிற ரீதியில் ஒரு வீடியோ வேறு.

சேனல்களுக்கு அன்றைக்குத் தீபாவளி. அப்புறம் எந்தத் தெருவில் எந்தப் பையன் பட்டாக்கத்தியால் கேக் வெட்டினாலும் நியூஸ். முதல் காட்சி கத்தி, அடுத்த காட்சி கையில் மாவுக்கட்டு. பின்னணியில் அடுக்குமொழி.

காரணம் சிம்பிள். சன் நியூஸ் 2000-ல் வந்தது. புதிய தலைமுறை 2011, தந்தி டி.வி. 2012. ஆளுக்கு இருபத்து நாலு மணி நேரத்தை நிரப்பியாக வேண்டும். கத்தி வீடியோவைப் பையனே எடுத்துத் தருகிறான். மாவுக்கட்டு போட்டோ ஸ்டேஷனிலிருந்து வந்துவிடும். செலவு பூஜ்யம். அவன் ஏன் படிப்பை விட்டான், வாடகை எவ்வளவு என்று கேட்க, நிருபர் ஒரு நாள் முழுக்க அங்கே உட்கார வேண்டுமே!

குமணன்சாவடியில் திரும்பி குன்றத்தூர் ரோட்டில் போனால் மாங்காடு. பெயரில் மட்டும் மாமரம், மற்றபடி அபார்ட்மென்ட். 2021-ல் நகராட்சியும் ஆகிவிட்டது. மலையம்பாக்கம் பக்கம், வெளிவட்டச் சாலை ஓரம் ஒரு டீக்கடை. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் கான்ட்ராக்டில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் பேச்சுக் கொடுத்தான்.

"அட்ரஸ் சொன்னா, 'கேக் வெட்டின ஊரா'ன்னு சிரிக்கிறாங்க சார். அக்காவைப் பொண்ணு பாக்க வந்தவங்களும் அதையேதான் கேட்டாங்க. கேக் வெட்டினவரு சூளைமேடு சார்!"

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவனை அடையாளம் காட்டக் கூடாது என்கிறது 2015 இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு. முகத்தை மறைத்துவிட்டு வீட்டு வாசலைக் காட்டினால், தெருவுக்கே தெரியாதா அது யாரென்று? ஊருக்கோ அந்த மறைப்பும் கிடையாது.

நைட் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வந்தது. ஏறப் போனவன் திரும்பி, "சார், நீங்களாவது அந்தக் கேக்கை விட்டுட்டு எழுதுங்க" என்றான்.

எழுதலாம்தான் தம்பி... எடிட்டர் தலைப்பு கேட்பாரே!