குறிப்பேடும் கைப்பேசியும்

செய்ய வேண்டியவற்றை மறவாது மனத்தில் வைத்துக்கொள்ளுதல் மக்கள் யாவர்க்கும் உள்ள கவலைகளுள் ஒன்றாகும். மனம் நம்பத்தகாத கணக்கப்பிள்ளை. என்றோ ஒருவர் சொன்ன சுடுசொல்லை ஆண்டுக்கணக்காகக் காத்து வைக்கும். நாளை செலுத்த வேண்டிய பரீட்சைக் கட்டணத்தையோ இன்று மாலையே கைவிட்டுவிடும். ஆதலின் மனத்திற்குப் புறத்தே ஒரு துணை வேண்டும் என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். பால் கணக்கிற்காகச் சுவரில் இட்ட கரிக்கோடுகளும், கடைக்காரர் அன்றாடம் எழுதிவந்த சிட்டையும் அத்தகைய துணைகளே. இக்காலத்தில் அத்துணை இரு வடிவாய் நம்முன் நிற்கின்றது. ஒன்று காகிதக் குறிப்பேடு; மற்றொன்று கைப்பேசி. இவ்விரண்டனுள் எது எதற்கு ஏற்றது என்பது பற்றி யான் படித்தும் கண்டும் அறிந்த சிலவற்றை இம்மலர் வாயிலாக மாணவ நண்பர்களுக்குக் கூற விழைகின்றேன்.

குறிப்பேடு இருவகைத்து. நடந்தவற்றை எழுதுவது ஒன்று. நடக்க வேண்டியவற்றை எழுதுவது மற்றொன்று. முன்னதற்கு நம் மொழியிலேயே சிறந்த சான்று உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்க்குத் துபாஷியாய் விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிவந்த நாட்குறிப்பு, அக்காலத்து அரசியலையும் வாணிகத்தையும் இன்றும் நமக்கு எடுத்துரைக்கின்றது. பின்னதோ, இனி வரும் நாட்களின் தேதிகளை அச்சிட்டு, எழுதாத தாளாய் நம் கைக்கு வருவது. லண்டன் மாநகரில் எழுதுபொருள்கள் விற்றுவந்த ஜான் லெட்ஸ் என்பவர் 1812-ஆம் ஆண்டில் இத்தகைய டைரியை விற்பனைக்குக் கொணர்ந்தார். கப்பல் வரவையும் பணம் செலுத்தும் நாளையும் குறித்து வைக்க வேண்டியிருந்த வணிகர்க்கு அது பெரிதும் பயன்பட்டது. புத்தாண்டுதோறும் வங்கியாரும் வியாபாரிகளும் நமக்கு அளிக்கும் டைரி அவ்வழி வந்ததே. கைப்பேசியும் இத்தொழிலுக்கு முற்றிலும் புதியதன்று. 1994-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் அமெரிக்காவில் விற்பனைக்கு விட்ட சைமன் என்னும் கைப்பேசியிலேயே நாட்காட்டியும் முகவரிப் புத்தகமும் அமைந்திருந்தன.

கைப்பேசியின் நன்மைகளை முதலில் கூறுதலே முறையாகும். அது குறித்த வேளையில் ஒலியெழுப்பி நம்மை அழைக்கும். குறிப்பேடோ நாம் திறந்தாலன்றி வாய் திறவாது. மாதந்தோறும் வரும் கடமையை ஒருமுறை எழுதிவிட்டால் கைப்பேசி அதனைத் தானே மாதந்தோறும் காட்டும். சென்ற ஆண்டு எழுதிய குறிப்பை ஒரு சொல்லைக் கொண்டு நொடியில் தேடித் தரும். குறிப்பேடு மழையில் நனைந்தாலும், பேருந்தில் விட்டுப் போனாலும், அதிலிருந்தவை யாவும் அதனோடு போயின. கைப்பேசி போயினும், அதிலுள்ளவற்றிற்கு வேறிடத்தில் படி எடுத்து வைத்திருப்பின் மீட்டுக்கொள்ளலாம். இவையெல்லாம் சிறிய நன்மைகள் அல்ல.

ஆயினும், அதற்கொரு குறையும் உண்டு. நாளைக்குரிய வேலையைக் காண்பதற்காக அதனைக் கையில் எடுக்கின்றோம். அதற்குள் நண்பர் ஒருவர் அனுப்பிய படம் வந்து நிற்கின்றது. அதன்பின் ஒரு செய்தி. அதன்பின் ஒரு விளையாட்டு. கால் மணி நேரம் சென்றபின் கைப்பேசியைக் கீழே வைக்கின்றோம். பார்க்க வந்த வேலையை மட்டும் பார்த்திலோம். விடுதியில் என்னுடன் உறையும் மாணவர்களிடம் இதனை நாள்தோறும் காண்கின்றேன். சந்தைக் கூட்டத்தின் நடுவே அமர்ந்து கணக்கெழுதுவோன் நிலை இதுவன்றோ?

குறிப்பேட்டிற்கு எல்லை உண்டு என்பதே அதன் முதற் சிறப்பு. ஒரு நாளுக்கு ஒரு பக்கம். அப்பக்கத்தில் இருபது வரி. இருபத்தோராவது வேலைக்கு இடமில்லை எனின், முன்னெழுதியவற்றுள் எதனை விடுவது என்று நாம் ஆராய வேண்டியிருக்கின்றது. கைப்பேசியிலோ ஐந்நூறு வேலைகளையும் ஒரே நாளில் அடுக்கலாம். அது தடை சொல்வதில்லை. ஆனால் நாளின் நீளம் இருபத்துநான்கு மணியே. தாளின் குறுக்கம் நாளின் குறுக்கத்தை நமக்குக் கண்கூடாகக் காட்டுகின்றது.

ஜப்பான் தேசத்தில் டோக்கியோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் நடத்திய ஒரு சோதனை இவ்விஷயத்தில் அறியத்தக்கது. அதன் முடிவு 2021-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பதினெட்டு முதல் இருபத்தொன்பது வயது வரையுள்ள 48 பேர்க்கு, வகுப்புகளும் பாடப்பணிகளும் சொந்த வேலைகளும் விரவிய ஓர் உரையாடலைக் கொடுத்து, அவற்றை நாட்காட்டியில் குறிக்கச் சொன்னார்கள். சிலர் காகிதக் குறிப்பேட்டில் பேனாவால் எழுதினர். சிலர் எழுதுகோல் கொண்டு பலகைக் கணினியில் எழுதினர். சிலர் கைப்பேசியில் விரலால் எழுதினர். காகிதத்தில் எழுதியோர் ஏறக்குறைய 11 நிமிஷத்திலும், பலகைக் கணினியார் 14 நிமிஷத்திலும், கைப்பேசியார் 16 நிமிஷத்திலும் முடித்தனர். ஒரு மணி நேரம் கழித்து வினவியபோது, எளிய வினாக்களுக்குக் காகிதத்தார் சிறப்பாக விடையளித்தனர். விடையளிக்கும்போது, ஞாபகத்திற்குரிய மூளைப்பகுதி அவர்களிடத்து மிகுதியாய்த் தொழிற்பட்டதும் காணப்பட்டது. தாளில் எழுதுங்கால் இன்ன பக்கத்தில் இன்ன மூலையில் எழுதினோம் என்னும் இடவுணர்வு எழுத்தோடு சேர்ந்து மனத்தில் பதிகின்றது. அதுவே காரணமாகலாம் என்பது அவர்தம் கருத்து. நாற்பத்தெண்மரைக் கொண்டு உலகத்தையே அளந்துவிடல் இயலாது. எனினும், பாடத்தைக் கையால் எழுதிப் படித்த மாணவர் எவரும் இதனை வியப்பாகக் கொள்ளார்.

இனி, என் வீட்டில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகின்றேன். என் தந்தையார் எங்கள் ஊரில் சிறு மளிகைக் கடை வைத்திருக்கின்றார். ஞாயிறுதோறும் இரவில் கடையை அடைத்தபின், அவ்வாரத்து வேலைகளுள் முடிந்தவற்றை அடித்துவிட்டு, முடியாதவற்றை அடுத்த வாரப் பக்கத்தில் மறுபடியும் எழுதுவது அவர் வழக்கம். சென்ற கோடை விடுமுறையில், பற்று வரவை நேர்செய்வதற்காக அந்த டைரியை என்னிடம் தந்தார். எண்ணெய் வியாபாரிக்குப் பாக்கி, கூரைக்கு ஓடு, மகன் கல்லூரிக் கட்டணம் என்பன ஒவ்வொன்றாய் அடிக்கப்பட்டிருந்தன. ‘கண் ஆஸ்பத்திரி’ என்னும் வரி மட்டும் தைமாதம் தொடங்கிப் பத்தொன்பது வாரம் பக்கத்திற்குப் பக்கம் ஏறி வந்திருந்தது. அதனினும் என்னைத் திடுக்கிடச் செய்தது வேறொன்று. வாரங்கள் செல்லச் செல்ல அவர் எழுத்துப் பெரிதாகிக்கொண்டே வந்தது. முதற் பக்கங்களில் எள்ளுப்போன்றிருந்த எழுத்து, கடைசிப் பக்கங்களில் வரிக்கோட்டையும் மீறி நின்றது.

யான் வினவியபோது, “கடையை யார் பார்ப்பது? உன் கட்டணம் முடியட்டும் என்றிருந்தேன்,” என்றார். பத்து நாள் யான் கடையில் அமர்ந்தேன். கண்புரை நீக்கும் சிகிச்சை நன்கு முடிந்தது.

அதன்பின் கைப்பேசியின் பெருமையையும் கண்டேன். சிகிச்சைக்குப்பின் பல வாரம், நாளொன்றுக்குப் பல முறை, குறித்த வேளையில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட வேண்டும். நாட்கள் செல்ல அதன் அளவைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். என் தங்கை அவ்வேளைகளையெல்லாம் கைப்பேசியில் அமைத்துவைத்தாள். அது ஒலித்தபோதெல்லாம் தந்தையார் பொட்டலம் கட்டுவதை நிறுத்திவிட்டுத் தலையை நிமிர்த்துவார். ஒரு வேளையும் தவறவில்லை. டைரி இதனைச் செய்திராது.

இதினின்று யான் கொண்ட முடிபு இது. வேளையை நினைவூட்டுதற்குக் கைப்பேசி சிறந்தது. நாம் எவற்றைச் செய்தோம், எவற்றைத் தள்ளிவைத்தோம், எதன்பொருட்டுத் தள்ளிவைத்தோம் என்று காட்டுதற்குக் குறிப்பேடே சிறந்தது. கைப்பேசியில் ஒரு வேலையைத் தள்ளிவைத்தல் விரலின் ஒரு தொடுகை. அதன் சுவடும் நம் கண்ணுக்குத் தோன்றுவதில்லை. பூட்டப்பட்ட அக்கருவிக்குள் வீட்டார் எவரும் நோக்குவதும் இல்லை. குறிப்பேடோ தள்ளிவைத்தவற்றை மீண்டும் நம் கையாலேயே எழுதச் செய்கின்றது. பத்தொன்பது முறை எழுதியும் தந்தையார் ஆஸ்பத்திரிக்குச் சென்றாரல்லர் என்பது மெய்யே. ஆனால் அப்பத்தொன்பது வரிகளும் கல்லாப் பெட்டியின்மேல் கிடந்தமையாலன்றோ மற்றொருவர் அவற்றைப் படிக்க நேர்ந்தது!

ஆதலின் நண்பர்களே, மணியடிக்க வேண்டியவற்றைக் கைப்பேசிக்கு விடுங்கள்: தேர்வு தொடங்கும் நேரம், ரயில் புறப்படும் நேரம், மருந்துண்ணும் நேரம் ஆகியன அதற்குரியவை. வாரத்தில் ஒரு நாள் மாலையில் ஒரு சிறு குறிப்பேட்டைத் திறந்து, வரும் வாரத்தின் வேலைகளைக் கையால் எழுதுங்கள். விலையுயர்ந்ததொன்று வேண்டுவதில்லை, எவரேனும் இலவசமாய்த் தந்த டைரியே போதும். மூன்று வாரம் ஒரே வரி பக்கம் மாறி வருமாயின், அதனைச் செய்து முடியுங்கள். அன்றேல் வேண்டாமென்று அடித்துவிடுங்கள். விடுமுறையில் வீடு செல்லுங்கால், உங்கள் பெற்றோர் எழுதிவைத்திருக்கும் குறிப்பேடு ஏதேனும் இருப்பின், அவர்தம் அனுமதியோடு அதனையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.