வாடாத மலரும் வாடிய மனமும்

திருவாரூர்க்காரர்களுக்கு மலர் என்பது வெறும் அழகுப் பொருள் அன்று. தியாகேசப் பெருமான் திருக்கோயிலின் பூமண்டபத்தருகே விழுந்து கிடந்த ஒரு மலரை எடுத்து முகர்ந்ததற்காகப் பல்லவ மன்னர் கழற்சிங்கரின் பட்டத்தரசியுடைய மூக்கை அறுத்தார் செருத்துணை நாயனார். அதனை அறிந்து வந்த மன்னரோ, மூக்குக்கு முன்னே மலரை எடுத்த கையன்றோ குற்றம் செய்தது என்று சொல்லி, அந்தக் கையைத் தாமே வெட்டினார். மூக்கை அறுத்தவரும் கையை வெட்டியவரும் அறுபத்துமூவர் வரிசையில் நின்று இன்றும் நம் வணக்கத்தைப் பெறுகின்றனர். இறைவனுக்கென்று வைத்த மணத்தை மனிதர் முன்னதாக நுகரலாகாது என்னும் நெறி அந்த மண்ணில் அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது.

அவ்வூரிலே பிறந்து, அங்கேயே பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இப்போது சென்னையில் மகனுடன் வாழ்கிறார். ஊரில் அவருக்கு ஓர் ஓட்டு வீடும் அதன் பின்னே ஒரு கொல்லையும் இருந்தன. கொல்லையில் நந்தியாவட்டை, செம்பருத்தி, அரளி, வில்வம். மூலையில் ஒரு பவழமல்லி. விடியுமுன் நீராடி, பூக்குடலையுடன் கொல்லைக்குச் செல்வார். இரவில் பூத்து வைகறையில் உதிரும் பவழமல்லிக்காக முதல் நாள் மாலையே மரத்தடியில் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து வைப்பார். தரையில் விழுந்த பூ பூஜைக்கு ஆகாது. பவழமல்லி மட்டுமே விலக்கு. ஆயினும் அதையும் மண் படாமல் எடுக்கவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அவர் பறிப்பார், மனைவியார் தொடுப்பார். தெருமுனைப் பிள்ளையாருக்கு நாள்தோறும் முதல் மாலை அவ்வீட்டிலிருந்தே சென்றது.

மனைவியார் மறைந்தார். முழங்கால் வலி மிகுந்தது. தனியே விட மனமில்லாத மகன் தந்தையைத் தன்னோடு அழைத்துக்கொண்டான். வீடு விற்கப்பட்டது. கொல்லையும் அதனோடு போயிற்று.

மகனுடைய வீடு அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாம் தளத்தில், வடக்குப் பார்த்தது. பக்கத்துக் கட்டடம் கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல் நெருங்கி நிற்பதால் சன்னல்களில் வெயில் விழுவதில்லை. வந்த முதல் ஆண்டிலேயே பெரியவர் இரண்டு நந்தியாவட்டைச் செடிகளைத் தொட்டிகளில் வைத்துப் பார்த்தார். இலை மஞ்சளித்ததே தவிர மொட்டுக் கட்டவில்லை. ஊற்றிய நீர் மண்ணோடு கலந்து கீழ்த்தளத்தார் உலர்த்தியிருந்த துணிகளில் சொட்டியது. அவர்கள் ஒருமுறை பொறுத்தார்கள். மறுமுறை வந்து சொன்னார்கள். செடிகளை அருகிலிருந்த கோயில் நந்தவனத்துக்குக் கொடுக்க நேர்ந்தது. அன்று முதல் பெரியவர் சன்னல் பக்கம் செல்வதை விட்டுவிட்டார்.

சில நாள் கழித்து மருமகள் பாரிமுனைக் கடைத்தெருவிலிருந்து மூன்று நீண்ட தொட்டிகளை வாங்கி வந்தாள். அவற்றை நிறையச் செயற்கை மலர்கள். துணியால் ஆன சிவப்பு ரோஜாக்கள், மஞ்சள் சாமந்திகள், தொட்டியின் விளிம்பைத் தாண்டித் தொங்கும் பிளாஸ்டிக் கொடிகள். சன்னல் கம்பிகளின் வெளிப்புறத்தில் அவற்றை வரிசையாகக் கட்டினாள். தெருவிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் அந்தத் தளம் மட்டும் திருவிழாக் கோலம் பூண்டாற்போல் இருந்தது. அக்கம்பக்கத்தார் புகழ்ந்தார்கள். பெரியவரோ கோயிலுக்குப் போகும்போதும் திரும்பும்போதும் தலை நிமிராமலே நடந்தார்.

ஒருநாள் உணவு வேளையில், அடக்கி வைத்திருந்தது வெளிவந்தது. “உயிரில்லாத பூவை வெளியே தொங்கவிட்ட வீட்டில் சாமி எப்படித் தங்கும்?” என்று மகனிடம் கேட்டார். பரிமாறிக்கொண்டிருந்த மருமகளின் கை ஒரு கணம் நின்றது. பிறகு ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே சென்றாள். மகன் தட்டைப் பார்த்தபடியே உண்டு முடித்தான்.

ஐப்பசி மழை தொடங்கியது. அத்தொட்டிகளின் அடியில் துளை இல்லை. உள்ளே தெர்மாகோல் அட்டையில் காம்புகளைச் செருகி வைத்திருந்தார்கள். மழைநீர் அதன்மேல் தேங்கி நின்றது. கொசுப்புழு இருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்த்து வந்த ஊழியர், டெங்கு பரப்பும் கொசு இத்தகைய நல்ல நீரில்தான் முட்டையிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியவருக்கு இதைவிடத் தக்க காரணம் வேண்டியதில்லை. மகனும் மருமகளும் அலுவலகம் சென்றிருந்த அன்று பிற்பகலே தொட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினார். மலர்களைப் பிடுங்கி ஒரு சாக்கில் திணித்து, குப்பை எடுப்பவருக்காகப் படிக்கட்டின் ஓரம் வைத்தார். நல்ல காரியம் செய்தவருக்கு உண்டாகவேண்டிய நிறைவு ஏனோ அவருக்கு உண்டாகவில்லை.

மாலையில் மருமகள் திரும்பினாள். படிக்கட்டில் சாக்கைப் பார்த்திருக்கவேண்டும். ஒரு சொல்லும் கூறாமல் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். இரவு வேலையெல்லாம் முடிந்தபின் குளியலறையில் நெடுநேரம் நீர் விழும் ஓசை கேட்டது. உறக்கம் வராத பெரியவர் எழுந்து சென்று பார்த்தார். அவள் வாளியின் முன் குந்தியிருந்து, சீயக்காய்த் தூள் கரைத்த நீரில் ஒவ்வொரு மலராக அலசி, துணியில் ஒற்றி, தரையில் பரப்பிக்கொண்டிருந்தாள்.

“இந்த நேரத்தில் எதற்கம்மா இது?” என்றார் பெரியவர்.

அவள் தலை நிமிராமலே பேசினாள். “எங்கள் அம்மா இப்படித்தான் கழுவுவார்கள், மாமா. வடசென்னையில் ஒற்றை அறை வீடு. எல்லா வீடுகளுக்கும் சேர்த்து ஒரே குழாய். அம்மா பூக்கடைக்கு முழக்கணக்கில் பூக்கட்டிக் கொடுத்துத்தான் எங்களை வளர்த்தார்கள். விடியற்காலையிலிருந்து மடியில் மல்லிகையும் கதம்பமுமாகக் குவிந்திருக்கும். கட்டியதெல்லாம் கடைக்குப் போய்விடும். எங்கள் வாசலுக்கு ஒரு முழம் எடுத்துவைத்தால் அன்றைய கூலியில் அது குறையும். தை மாதத்தில் பூ விற்கும் விலையில் அதை நினைக்கவும் முடியாது. ஒரு பொங்கலுக்குப் பிளாஸ்டிக் மாவிலையும் சாமந்தியுமாக ஒரு தோரணம் வாங்கி வந்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் அதை இறக்கிக் கழுவி மாட்டிய பிறகே விளக்கேற்றுவார்கள். வாசல் வெறுமையாக இருந்தால் மகாலட்சுமி ஆளில்லாத வீடு என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவாளாம்.”

சற்று நிறுத்தி, தணிந்த குரலில் சொன்னாள்: “நந்தியாவட்டை போனபிறகு நீங்கள் சன்னல் பக்கம் வருவதையே விட்டுவிட்டீர்கள். அதற்காகத்தான் இதை வாங்கினேன்.”

பெரியவரால் மறுமொழி கூற இயலவில்லை. படுக்கைக்குத் திரும்பியும் உறக்கம் வரவில்லை. சிவாலயப் பிராகாரத்தில் வரிசையாக நிற்கும் அறுபத்துமூவர் அவர் மனக்கண்முன் வந்தனர். அவ்வரிசையில் செருத்துணையார் நிற்கிறார். கண்ணப்பரும் நிற்கிறார். காளத்தி மலையில் அந்த வேடர் தம் தலைமுடியில் செருகிக்கொண்டு வந்த மலரையே இறைவன் திருமுடியில் இட்டார். வாயில் கொணர்ந்த நீரால் நீராட்டினார். நெறி பிழையாது பூசித்துவந்த சிவகோசரியார் அதனைக் கண்டு பதறி அழுதார். இறைவனோ அந்த அன்பை ஏற்று, சிவகோசரியாருக்கும் காட்டியருளினான். மலரின் தூய்மையைக் காத்தவரும் தூய்மையின் விதி ஒன்றும் அறியாதவரும் ஒரே வரிசையில் கல்லாய்ச் சமைந்து நிற்பதை எத்தனை முறை வலம் வந்து வணங்கியிருக்கிறார்! செருத்துணையாரை மட்டுமே மனத்தில் கொண்டு திரும்பினோமே என்று அவருக்கு அன்றிரவு தோன்றியது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஒருமுறை சாத்திய வில்வத்தைக் கழுவி மீண்டும் சாத்தலாம் என்பது வழக்கம். புதிய தளிர் கிடைக்காத நாளில் மனைவியார் அப்படிக் கழுவித் தந்த வில்வத்தை அவரே பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டு சென்றிருக்கிறார். பூக்கட்டும் தொழிலாளி ஒருத்தி, தனக்கென ஒரு முழம் எடுக்கவியலாத வறுமையில், வெள்ளிதோறும் கழுவி மாட்டிய தோரணத்தை எந்தத் தராசில் நிறுப்பது?

எனினும் செயற்கை மலரைப் பூஜைக்கு வைக்கலாம் என்று பெரியவர் முடிவு செய்துவிடவில்லை. மருமகளும் அவ்வாறு கேட்கவில்லை. அர்ச்சனை என்பது ஒன்றைக் கொடுத்துவிடுதல். மலர் தனக்கு வாய்த்த ஒரே நாளை இறைவன் திருவடியில் இழக்கிறது. மறுநாள் அது நிர்மாலியமாகிச் செடியின் அடியில் மண்ணாகிறது. துணி மலருக்கு இழப்பதற்கு ஒரு நாள் இல்லை. ஆனால் வாசல் அலங்காரம் அர்ச்சனை அன்று, அது வரவேற்பு. இந்த வீட்டில் மனிதர்கள் இருக்கிறார்கள், வருபவரை எதிர்நோக்கியிருக்கிறார்கள் என்று தெருவுக்கும் தெய்வத்துக்கும் சொல்லும் சொல். அச்சொல்லை அவரவர் கைக்கு எட்டியதைக் கொண்டே சொல்கிறார்கள்.

மறுநாள் காலை பெரியவர் ஓர் இரும்புக் கம்பியை அடுப்பில் காய்ச்சி, மூன்று தொட்டிகளின் அடியிலும் துளைகள் இட்டார். காற்றில் ஆடாதிருக்கக் கூழாங்கற்களை அடியில் பரப்பினார். மகன் தொட்டிகளைக் கம்பியோடு இறுகக் கட்டினான். இப்போது பதினைந்து நாளுக்கு ஒருமுறை மலர்களை இறக்கிக் கழுவும் பொறுப்பு பெரியவருடையது. வெயில் அதிகம் படாத சன்னல் என்பதால் சாயம் விரைவில் வெளுக்காது. வெளுத்தாலும் உடனே மாற்றுவதில்லை என்று இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள். நிர்மாலியத்தைப் போல் இவற்றை மரத்தடியில் இட்டால் மண் ஏற்காது. நீர்நிலையில் இடுவதோ பாவம். வாங்கியதை நெடுங்காலம் பேணுவதே இவற்றுக்குரிய முறை.

அவர் இழந்தது கொல்லையை மட்டுமன்று, விடியற்காலையின் வேலையையும்தான். அதற்கும் வழி பிறந்தது. தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் வாசலில் பூ விற்கும் அம்மையாரிடம் உதிரிப் பூவாக நந்தியாவட்டையும் அரளியும் வாங்கி வருகிறார். அவர் வாழ்நாளெல்லாம் பறித்தவர், தொடுத்தறியாதவர். நனைத்த வாழைநாரில் இரண்டிரண்டு மலராக வைத்து முடிச்சிடும் வகையை மருமகள் அவருக்குக் கற்றுத் தந்தாள். அவளுடைய விரல்களில் அது தாயிடமிருந்து வந்த வித்தை. முதல் வாரம் அவர் கட்டிய மாலை தூக்கியதும் உதிர்ந்தது. “நாரை இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள், மாமா” என்று அவள் சொல்ல, முன்னாள் ஆசிரியர் மாணவரைப் போல் தலையசைத்தார்.

திருக்கார்த்திகை வந்தது. துணி மலர்களில் தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் என்பதால் அன்று பகலிலேயே தொட்டிகளை ஒரு பக்கமாக ஒதுக்கிக் கட்டினார்கள். மாலையில் பூஜை அறையில் பெரியவர் கட்டிய நந்தியாவட்டைச் சரம் பிள்ளையார் படத்தில் ஏறியது. மருமகள் அகல்களில் எண்ணெய் ஊற்றித் திரியிட்டுத் தட்டில் வைத்து நீட்டினாள்.

“சன்னலுக்கு நீங்கள் ஏற்றுங்கள், மாமா.”

பெரியவர் தட்டை வாங்கிக்கொண்டு, நெடுநாள் செல்லாதிருந்த அந்தச் சன்னலருகே சென்றார். ஒவ்வொரு விளக்காக ஏற்றி வைத்தார். பக்கத்துக் கட்டடத்தில் ஒரு சிறுமி தன் வீட்டு விளக்குகளுக்குப் பின்னாலிருந்து அவரைப் பார்த்துக் கையசைத்தாள். அவரும் கையசைத்தார்.